தடிப்புச் சில்லு

...இல்லை, ஐஸ்தான் போதாமல் போயிருக்கும், வேறென்ன, இந்த வெயிலில் கிண்ணியாவில் வாங்குகிற ஐஸ் பாலம் கடப்பதற்குள்ளேயே பாதி தண்ணீராகிவிடுகிறது, அதுதான் மணக்கிறது என்று றுமானா மடியிலிருந்த ரெஜிபோம் ஐஸ்பெட்டியின் மூடியை இன்னொரு தரம் அழுத்திவிட்டாள், முன் ஆசனத்து மனிசி ஏற்கெனவே இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டாள், மூன்றாம் தரம் பார்த்தால் என்ன சொல்வது, ஆட்டுக்குடல் என்று சொல்லலாம், குடல் கறிக்கு என்று அவளாகவே நினைத்துக்கொள்வாள், இல்லை ராத்தா, இதைக் கறி வைக்கப் போகவில்லை, ஓர்ஸ் ஹில்லில் ஒரு பட்டறை மேசையில் கிடத்தி, ஒரு கருவியால் கவ்வி, வெட்டி, வெட்டின வாயில் ஸ்டேப்லர் பின் அடித்து மூடி, நீலத் தண்ணீர் ஏற்றி ஒழுகுகிறதா என்று பார்க்கப் போகிறோம் என்றால் பஸ்ஸை நிறுத்தி இறங்கிப் போய்விடுவாள். இதுவரை இப்படி மணந்ததில்லையே... எத்தனை தரம் இதே பஸ்ஸில், இதே பெட்டியில் கொண்டு போயிருக்கிறாள், ஒருவர் மூக்கைச் சுளித்ததில்லை. இன்றைக்கென்று பார்த்து மணக்க வேண்டுமா, வயிற்று ஒப்பரேசன் செய்கிற டொக்டர் இரத்தினேஸ்வரி நேரில் வருகிற நாளில், அவர் ஓம் என்று ஒரு சொல் சொன்னால் கருவியின் கைப்பிடி வடிவம் இத்தோடு முடிந்தது என்று மூடிவிட்டு கொழும்பில் வார்ப்பு அச்சு வெட்டத் தொடங்கலாம் என்கிற நாளில். அச்சு இரும்பில் வெட்டுவது. வெட்டினால் வெட்டினதுதான், பிறகு ஐயோ இந்த இடத்தில் ஒரு துளை விட மறந்துபோனேன் என்று அழுது பிரயோசனமில்லை.

மறக்கவில்லை, அவள் எதையும் மறக்கவில்லை, வேண்டுமென்றேதான் கழற்றி எடுத்தாள். எடுப்பதுதான் அவளுடைய வேலை. பட்டறைக்கு வருகிற ஆட்களுக்கெல்லாம் வினோஜன் அவளை அறிமுகப்படுத்துவதே அப்படித்தான், இவா எங்கட இஞ்சினியர், கழற்றி எறியிறதில கெட்டிக்காரி என்று, பட்டறையை நடத்துகிறவன், கம்பனி தொடங்க அலைந்தவன், அவனுக்குக் கேலி பண்ண உரிமை உண்டு. ஆனால் உண்மைதானே, வெளிநாட்டுக் கருவியை முதல் நாள் அவர்கள் பிரித்து மேசையில் பரப்பியபோது அவளுக்குக் கோபம்தான் வந்தது, ஒரு கைக்கு அடக்கமான சாமான், குடலை வெட்டி இரண்டு பக்கமும் தைத்து விடுகிற ஒரே ஒரு வேலை, அதற்கு இத்தனை வில்லா, இத்தனை பல்லா, இத்தனை ஊசியளவு அச்சாணியா, ஒவ்வொரு மூலையிலும் இரத்தம் போய் ஒளிந்துகொள்ள ஒரு பொந்து, கழுவ ஏலாது, கழுவ ஏலாததால் ஒரு தரம் பாவித்து எறி, எறிந்தபின் அடுத்ததற்குக் கப்பலைப் பார்த்துக் காத்திரு. மருந்தும் நூலும் கூட நாட்டில் இல்லாமல் போன அந்த வருடம் டொக்டர் இரத்தினேஸ்வரி குடல்களைக் கையால் தைத்துக் கையால் தைத்து விரல் மரத்துப்போனதாகச் சொன்னது அவளுக்குள் முள்ளாய் நின்றது. கழுவவும் அவிக்கவும் கூடிய ஒரு கைப்பிடி, ஒரு தாதி திருப்புளி கூட இல்லாமல் கழற்றிப் பூட்டக்கூடியது, பின்கள் நிரப்பின கெட்ரிஜ் மட்டும் புதிதாக... அவ்வளவுதான் வேண்டும். ஆகவே ஒவ்வொரு உதிரியையும் விரல் நுனியில் எடுத்து வைத்துக்கொண்டு, சரி, நீ இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று கேட்டாள், பதில் சொல்லாததெல்லாம் தகர டப்பாவுக்குள் போனது, ஒவ்வொன்றும் விழும்போது அந்தச் சத்தம், அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, வெட்கமில்லாமல் சொல்வதென்றால் பெருநாள் உடுப்பு வாங்கினால் கூட வராத சந்தோஷம். கடைசியாக விழுந்தது தடிப்புச் சில்லு. கைப்பிடியின் பக்கத்தில் இருக்கும் சின்னச் சக்கரம், குடல் மெல்லியதா தடித்ததா என்று பார்த்து டொக்டர் அதைத் திருப்ப வேண்டும், திருப்பினால் குடலைக் கவ்வுகிற தாடைகளுக்கிடையிலான இடைவெளி கூடும் குறையும், அதற்காக உள்ளே ஒரு சாய்ந்த தகடு, இரண்டு சுருள்வில், ஒரு பூட்டு, கழுவ முடியாத பொந்துகளில் பாதி அதைச் சுற்றித்தான். அவள் ஒரே இடைவெளியை வைத்து அடித்துப் பார்த்தாள். ஒழுகவில்லை. இன்னொரு ஆட்டின் குடலில் அடித்தாள், ஒழுகவில்லை. கிழட்டுக் கிடாய், குட்டி, மறி, எதுவும் ஒழுகவில்லை, எல்லாப் பின்னும் ஒழுங்காக மடிந்திருந்தது. அப்படியென்றால் சில்லு எதற்கு? டப்பாவுக்குள் போ. போனது. வினோஜன் கை தட்டினான்.

ஃபோன் துடித்தது, மதினி. கூடப்பிறந்த அன்ஸார் காக்காவின் பெண்சாதி ஸல்ஹா, மூதூரில் தங்கச்சியின் பிள்ளைப்பேற்றுக்குப் போய் நிற்கிறாள், இல்லாவிட்டால் பெட்டியை அவள்தான் கட்டித் தந்திருப்பாள், எப்போதும் அவள்தான், காக்கா இறைச்சிக் கடையில் ஆடு உரித்துக் குடலை வீட்டுக்கு அனுப்புவார், மதினி குசினிக்குப் பின்னால் வைத்து என்னவோ செய்து ஐஸ் போட்டு, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வாசலில் வைத்துவிடுவாள், இன்றைக்குத்தான் றுமானா நேரே கடைக்குப் போய் காக்காவின் கையால் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். குரல் செய்தி அனுப்பியிருந்தாள், மதினிக்கு எழுதுவது பிடிக்காது. றுமானா ஃபோனைக் காதோடு ஒட்டிப் பிடித்தாள், பஸ்காரன் பாட்டைக் குறைக்க மாட்டான்.

“றுமானா, உங்கட காக்கா குடல அப்பிடியே பைப்பால அடிச்சுத் தந்திருப்பார், மனிசனுக்கு ஒண்டும் தெரியா. நீங்க அங்க போனதும் கொதிதண்ணில முக்கி எடுங்க, கொஞ்சம் சுண்ணாம்பு போட்டு, உள்பக்கத்தப் புரட்டிக் கத்தி முதுகால சுரண்டினா அந்த வழுக்கல் எல்லாம் கழண்டிரும். நான் எப்பயும் அப்பிடித்தானே வெள்ளையாக்கித் தாறது. ஊத்தையோட அந்த டொக்டருக்கு முன்னுக்கு வெச்சிராதீங்க, நம்மளுக்கு வெக்கம்.”

ஒரு தரம் கேட்டாள். இன்னொரு தரம் கேட்டாள். மூன்றாம் தரம் கேட்கத் தேவையில்லை, சுண்ணாம்பு என்ற இடத்திலேயே விளங்கிவிட்டது. நான் எப்பயும் அப்பிடித்தானே... எப்பயும். எப்பயும் என்றால் முதல் நாளிலிருந்து, கிழட்டுக் கிடாய், குட்டி, மறி, எல்லாம். கொதிநீரில் முக்கினது, சுண்ணாம்பில் புரட்டினது, சுரண்டினது. உள்தோல் முழுக்கப் போய் மிச்சம் என்ன இருக்கும், கட்டியான வெளித்தோல் மட்டும், பாதித் தடிப்பு, கொதிநீரில் இறுகினது, சேலை முந்தானை மாதிரி, அதில் எந்தப் பின்தான் மடியாது, அதில் வீட்டுத் தையல் மெஷினால் அடித்தாலும் ஒழுகாதே! அதை வைத்துக்கொண்டா சில்லுத் தேவையில்லை என்று முடிவு கட்டினாள். யா அல்லாஹ். மதினியைக் குறை சொல்ல முடியுமா, ஒரு வீட்டுக்குக் குடல் கொடுப்பதென்றால் வெள்ளையாக்கித்தான் கொடுப்பார்கள், ஊத்தையோடு கொடுப்பது அவமரியாதை, அதுவும் படித்த ஆட்கள் கூடுகிற இடத்துக்கு, பாவம் அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தித்தான் சுரண்டியிருப்பாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்க வேண்டும் என்று ஏன் தோன்றவில்லை? ஏனென்றால் குடல் என்றால் வெள்ளை. றுமானா பிறந்ததிலிருந்து கண்ட குடல் எல்லாம் வெள்ளைதான், சட்டிக்குள் வருகிறபோதே வெள்ளையாக வரும், அதற்கு முந்தின நிறத்தைப் பார்க்க வேண்டிய பிள்ளையாக அவளை யாரும் வளர்க்கவில்லை, அவளுக்குச் சோதினை, அவளுக்கு ரியூசன், அவள் குசினிப் பக்கம் போகத் தேவையில்லை.

ஆனால் பார்த்தாயே, ஒரு நாள் பார்த்தாயே... டொக்டர் அவளை ஒப்பரேசன் தியேட்டருக்குள் கூட்டிக்கொண்டு போன அன்று, பச்சை உடுப்பும் தொப்பியுமாக ஒரு மூலையில் நின்றாள், வயிறு திறந்திருந்தது, உள்ளே கிடந்தது வெள்ளையாகவா இருந்தது? இளஞ்சிவப்பு, ஈரம், மினுக்கம், அது தன்பாட்டில் அசைந்தது, அசைந்ததும் அவளுக்குத் தலை சுற்றியது, விழுந்து மானத்தை வாங்கிவிடக்கூடாது என்று பார்வையை டொக்டரின் கையிலிருந்த கருவியில் குத்திவைத்துக்கொண்டாள், அதன் பிறகு கருவியைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை. டொக்டர் தாடையை மூடிவிட்டு உடனே அடிக்காமல் கொஞ்சம் பொறுத்தார், ஏன் என்று பிறகு கேட்டதற்கு, குடல் சதைக்குள்ள தண்ணி இருக்கெல்லோ, அது நெரிஞ்சு விலக நேரம் குடுக்க வேணும் என்றார். தண்ணீர் இருக்கிறதெல்லோ. அதையும் எழுதிக்கொண்டாளே தவிர, மேசையில் கிடக்கிற வெள்ளைத் துண்டில் ஏன் ஒரு சொட்டுக் கூட நெரிந்து வரவில்லை என்று கேட்கவில்லை. வினோஜனும் கேட்கமாட்டான், நிலாவெளியில் மீனோடு வளர்ந்தவன்தான், ஆனால் இறைச்சியென்றால் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வான், முடிஞ்சதா, ஒழுகேல்லையா, நல்லது என்று தூரத்திலிருந்தே சந்தோஷப்படுவான். டொக்டர் கண்டது வீடியோ மட்டும், அதுவும் நீலத் தண்ணீர் ஏற்றிய பிறகு எடுத்தது. ஆக இந்த உலகத்தில் இதைத் தெரிந்த ஆள் இப்போது ஒருத்திதான், அவள் ஒரு நாறுகிற பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சீனக்குடாவுக்குப் பக்கத்தில் பஸ்ஸில் இருக்கிறாள்.

சொல்லிவிடலாம். என்ன, சொல்லிவிடலாம், வாய் இருக்கிறது. டொக்டர், இதுவரை செய்த பரிசோதனை எல்லாம் குப்பை, நாங்கள் குடலில் அடிக்கவில்லை, கறிக்குத் தயாராக்கின குடலில் அடித்தோம்... சிரிப்பார்களா? முதலில் சிரிப்பார்கள், பிறகு சிரிக்கமாட்டார்கள். தடிப்புச் சில்லைத் திரும்பவும் வைத்தால் கைப்பிடி அரை அங்குலம் நீளும், பொந்துகள் திரும்பி வரும், அவள் கழற்றி எறிந்ததில் பாதி டப்பாவிலிருந்து ஏறி வந்து மேசையில் குந்திக்கொள்ளும், கழற்றி எறிகிறதில் கெட்டிக்காரி! சொல்லாமல் விட்டால்? சொல்லாமல் விட்டால் ஒன்றுமில்லை, பட்டறையில் மேசைக்குப் பக்கத்திலேயே கேத்தல் இருக்கிறது, பிளேன்டீ போடுகிற கேத்தல், அதில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, டொக்டர் ஒரு நிமிசம், இதைக் கொஞ்சம் துப்பரவாக்கிக்கொண்டு வாறன் என்று பின்னுக்கு எடுத்துக்கொண்டு போனால் ஊத்தையைக் கழுவுகிறாள் என்றுதான் எவரும் நினைப்பார்கள், பொய் கூட இல்லையே, மதினி சொன்னபடி செய்வதுதானே... சீ. என்ன நினைப்பு இது. ஆனால் நினைப்பு போகவில்லை, கேத்தலின் மூடி ஆடுகிற சத்தம் கூடக் கேட்டது. ஒப்பரேசன் முடிந்து ஐந்தாம் நாள் என்று டொக்டர் சொல்வார். முதல் நாள் நல்லாயிருக்கும், இரண்டாம் நாள் எழும்பி இருப்பார், மூன்றாம் நாள் தேத்தண்ணி கேட்பார், வீட்டு ஆட்கள் தோடம்பழம் வாங்கிக்கொண்டு வந்து சிரித்துக் கதைத்துக்கொண்டிருப்பார்கள், ஐந்தாம் நாள் காய்ச்சல் அடிக்கும், வயிறு பலகையாகும், அப்பதான் தெரியும் உள்ளுக்குள்ள தையல் விட்டிட்டுதெண்டு. தடித்த குடலுக்குள் பின்னின் கால்கள் மடங்க இடம் காணாமல் அரைகுறையாக நிற்கும், அது வெளியே தெரியாது. அந்த ஆள் யாராக இருக்கும்? கப்பல்துறையில் ஒரு லொறிச் சாரதி, சல்லியில் ஒரு மீனவர், பாலையூற்றில் யாரோ ஒரு பிள்ளையின் தாய். இல்லை, மற்றப் பரிசோதனைகளில் பிடிபடும், பன்றிக் குடல், ஆய்வுகூடம், ஒப்புதல், எத்தனை வாசல் இருக்கிறது, எங்கேயாவது யாராவது பிடிப்பார்கள்தானே... ஒவ்வொரு வாசலில் நிற்கிறவனும் அடுத்த வாசலில் பிடிப்பார்கள் என்று நினைத்தால்?

ஃபோன் மறுபடி, இந்தத் தரம் வினோஜன். “றுமானா, எங்க நிக்கிறீங்கள்? டொக்டர் வந்திட்டா, தியேட்டருக்குத் திரும்பிப் போக வேணுமாம். அச்சுக்காரனுக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லுறன் எண்டு சொல்லிப் போட்டன்.” அவன் குரலில் கல்யாண வீட்டுக் கலகலப்பு இருந்தது, இத்தனை வருடமாக அவனை அப்படிக் கேட்டதில்லை. வினோஜன், குடல்... என்று தொடங்கினாள். “என்ன, கொண்டு வரேல்லையா?” என்றான், ஒரே நொடியில் கலகலப்பு வடிந்துவிட்டது, அதைக் கேட்கத்தான் அவளால் ஏலாமல் போனது. இல்ல, கொண்டு வாறன் என்றாள். கொண்டுதானே போகிறாள், அதில் என்ன பொய். நாலாம் கட்டையில் பஸ் நின்று ஆள் ஏற்றியது, இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று இருந்தது, நிற்கவில்லை.

அபயபுரத்தில் இறங்கி ஓட்டோ பிடித்து ஏறுகிறபோதுதான் அந்த எண்ணம் வந்தது, வந்ததும் மூச்சு இலேசாகிவிட்டது. அவள் ஏன் சொல்ல வேண்டும், கருவியே சொல்லட்டும்! கேத்தலையும் தொடமாட்டாள், வாயையும் திறக்கமாட்டாள். இன்று பெட்டிக்குள் இருப்பது சுரண்டாத பச்சைக் குடல், உள்தோலோடு, தண்ணீரோடு, உண்மையான குடல். அடிக்கட்டும். ஒழுகினால் எல்லாரும் கண்ணால் காண்பார்கள், சில்லு திரும்பி வரும், கதை முடிந்தது. ஒழுகாவிட்டால், ஒழுகாவிட்டால் சுரண்டினாலென்ன சுரண்டாவிட்டாலென்ன, அவளுடைய இடைவெளி சரி, இவ்வளவு நேரமும் வீணாகத்தான் செத்துப் பிழைத்திருக்கிறாள். இதைவிட நேர்மையான வழி இருக்கிறதா? இல்லை. இல்லைதானே? ஓட்டோ மேட்டில் முக்கி ஏறியது, கீழே துறைமுகத்துத் தண்ணீர் வீடுகளுக்கிடையில் வெட்டி வெட்டித் தெரிந்தது, அவள் பார்க்கவில்லை, பெட்டி சரியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

டொக்டர் இரத்தினேஸ்வரி கதிரையில் இருக்கவில்லை, மேசைக்குப் பக்கத்தில் நின்றபடியே கைப்பிடியைத் திறந்து பூட்டித் திறந்து பூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், உயரமில்லாத பொம்புளை, கை மட்டும் பெரிது, அந்தக் கைக்குள் கருவி நல்லாக இருந்தது, அதைப் பார்க்க றுமானாவுக்குப் பெருமை பொங்கியது, இந்த நிலைமையிலும் பொங்குகிறதே என்று தன்மேலேயே எரிச்சலும் வந்தது. “வாங்கோ றுமானா, இதைக் கழட்டிப் பூட்ட எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரத் தேவையில்லை எண்டிறதே பெரிய விசயம்” என்றார். வினோஜன் பெட்டியைத் திறந்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனான். கேத்தல் மேசையில் இருந்தது, ஆவி கூட வந்துகொண்டிருந்தது, றுமானா அதைத் தாண்டிப் போனாள், தாண்டியது யாருக்கும் தெரியாது, அவளுக்குத் தெரியும், அது போதும். கையுறை போட்டாள். குடல் வழுக்கியது, இதுவரை வழுக்கினதில்லை, சாம்பலும் சிவப்புமாக ஒரு நிறம், விரலுக்கு விரல் நழுவியது, ஒரு முழம் உருவி எடுத்து, பிடித்து, தாடைக்குள் வைத்தாள். டொக்டர் மூடினார். பொறுத்தார். ஓரத்தில் ஒரு சொட்டு நெரிந்து வந்து மேசையில் விழுந்தது, அப்பாடா, தண்ணீர். டொக்டர் பிடியை முன்னால் தள்ளினார், க்ரிக் என்றது, குடல் இரண்டானது. ஒரு துண்டின் திறந்த முனையில் குழாயை விட்டுக் கட்டி றுமானா நீலத் தண்ணீரை ஏற்றினாள், ஏற்ற ஏற்ற அது புடைத்தது, இன்னும் ஏற்றினாள், பின் வரிசையில் கண்ணை வைத்துக்கொண்டு, வா, வரப்போகிறாயா, ஒரு பொட்டு நீலம், ஒரே ஒரு பொட்டு...

வரவில்லை. “ஒழுகேல்லை” என்றார் டொக்டர், முதல் தரமாகச் சிரித்தார். ஜன்னலிலிருந்து வினோஜன், “ஒழுகேல்லையா? உண்மையா?” என்று அருகில் வராமலே துள்ளினான். றுமானாவும் சிரித்தாள், அல்ஹம்துலில்லாஹ், சரியாகத்தான் இருக்கிறது, சுரண்டாத குடலிலும் சரி, வெறும் பயம், மதினியின் சுண்ணாம்பு ஒன்றும் செய்துவிடவில்லை, அவள் கெட்டிக்காரிதான். மிச்சக் குடலைப் பெட்டிக்குள் எடுத்துப் போடக் குனிந்தாள். இரைப்பையை ஒட்டி வருகிற பக்கம் மேலாகக் கிடந்தது, தூக்கும்போது கை நிறைந்தது, தடிப்பு, ஈரத் துவாயைப் பிடித்த மாதிரி. மற்ற முனை, அவள் உருவியெடுத்த முனை, மெல்லிசு. தடித்த பக்கம்தான் மேலே கிடந்திருக்கிறது. பெட்டியைத் திறந்ததும் முதலில் கைக்கு வந்திருக்க வேண்டியது இதுதான். இதைத் தள்ளிவிட்டு அடியில் கையை விட்டு... எப்போது விட்டாள்? ஏன் விட்டாள்? நழுவியது, வழுக்கியது, கைக்கு எது வந்ததோ அதைத்தானே எடுத்தாள்... இல்லை. விரல்களுக்கு நினைவிருந்தது, ஒவ்வொரு இடமாகத் தடவி, இது இல்லை, இது இல்லை, இது என்று நின்ற இடம் நினைவிருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவள் கூடச் சொல்லவில்லை.

“சரி, எனக்குத் திருப்தி” என்றார் டொக்டர், கெட்ரிஜை மாற்றிக்கொண்டே. “மனசுக்காக இன்னும் ஒண்டு அடிச்சுப் பாப்பம். நல்ல இடமா நீங்களே பிடிச்சுத் தாங்கோ.”

தாறன் டொக்டர் என்றாள் றுமானா, பெட்டிக்குள் குனிந்தாள், குனிந்தபோது பார்த்தாள், அவளுடைய கை அவளுக்கு முன்னாலேயே உள்ளே போய், தடித்த பக்கத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டு அடியில் தேடிக்கொண்டிருந்தது.